கரடிக்கால் வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பவள்

ஃபெர்ரியில் ஏறியதிலிருந்து அம்ப்ரோஸ் வாய் திறக்கவில்லை. கழுத்து வரை பொத்தான் போட்ட கறுப்புக் கோட்டு, தலையில் தொப்பி, தொடைகளுக்கு நடுவே நட்டு நிறுத்திய ஊன்றுகோல், அதன் தலையில் இரண்டு கைகள். கரடிக்கால் வீட்டின் தலைவன் நாலு பேர் பார்க்கும் இடத்தில் எப்படி உட்கார வேண்டுமோ அப்படி உட்கார்ந்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே தீவுகள் ஒவ்வொன்றாக மழைக்குள் போய்க்கொண்டிருந்தன.

"மச்சான், முதுகுக்குள்ள துடுப்பு ஏதாவது சொருகி வச்சிருக்கியா? கொஞ்சம் சாஞ்சு உக்காந்தா என்ன?" என்றாள் எதிரில் இருந்த ஹாரியட்.

"சாயறதுக்கு நான் என்ன உளுத்த மரமா?"

"உளுத்த மரம்கூட காத்தடிச்சா சத்தம் போடும். நீ அதுவும் இல்ல."

அம்ப்ரோஸ் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். இறந்துபோன அவர் மனைவி கொர்டீலியாவின் தங்கை இவள். கொழுந்தியாள் கேலி செய்தால் மச்சான் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் கரையில் வேதவாக்கு. அவள் காக்கைப் பக்கம், வெள்ளலை வீட்டுக்காரி. அவர் கழுகுப் பக்கம். அலாஸ்காக் கரையின் பூர்வகுடிகளான க்ளிங்கிட் மக்கள் எங்களுக்கு இந்த இரண்டே பக்கம்; பிறக்கிற எல்லோரும் தாயின் பக்கத்தைச் சேர்ந்தவர்கள். காக்கை கழுகில்தான் சம்பந்தம் வைக்கும், கழுகு காக்கையில்தான். ஒரு பக்கத்தில் சாவு விழுந்தால் குழி வெட்டுவது மறுபக்கம். ஒரு வீட்டின் பெருமையை அந்த வீட்டார் பேசினால் அது தம்பட்டம். எதிர்ப்பக்கம் பேசினால்தான் சாட்சி.

அந்தச் சாட்சிக்காகத்தான் ஹாரியட் அவரைத் தலைநகர் ஜூனோவுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே ஒரு நூலகத்தில் ஒரு புகைப்படம் இருக்கிறது. நூறு வருஷத்துக்கு முன்னால், பெட்டிக் கேமராவைத் தூக்கிக்கொண்டு நீராவிக் கப்பலில் வந்த ஒரு வெள்ளைக்காரன் எங்கள் ஊரில் அரை நாள் இறங்கி எடுத்தது. படத்தில் ஒரு பெண். கீழே அவன் எழுதி வைத்த குறிப்பு: 'அடிமைப் பெண், தலைவனின் வீட்டு வாசலில். பெயர் தெரியாது.' ஹாரியட்டின் இன்னொரு அக்காவின் மகள் தற்செயலாக அதைப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். அது ஹாரியட்டின் அம்மாவுக்குப் பெரியம்மா. வெள்ளலை வீட்டின் மூத்த பெண். நூலகத்தார் வருகிற வசந்தத்தில் தங்கள் படங்கள் அத்தனையையும் கணினியில் ஏற்றி உலகத்துக்கே காட்டப்போகிறார்கள். அதற்குள் அந்தக் குறிப்பு மாறாவிட்டால், வெள்ளலை வீட்டு மூத்தவள் உலகம் உள்ளவரை அடிமை.

"அடிமையா இருந்தவங்களும் ஒரு தாய் பெத்த பிள்ளைங்கதான்," என்றாள் ஹாரியட். ஃபெர்ரியின் காப்பி அவள் கையில் ஆறிப்போயிருந்தது. "அவங்க பேரையும் யாரும் எழுதி வைக்கல. அது வேற பாவம். ஆனா இவ அவங்கள்ல ஒருத்தி இல்ல. இல்லாததை எழுதினா அது பொய்தானே மச்சான்?"

"போறோம். இவ வெள்ளலை வீட்டுப் பொண்ணுன்னு சொல்றேன். திரும்பி வர்றோம். இதுக்கு எதுக்கு இவ்வளவு பேச்சு?" என்றார் அம்ப்ரோஸ்.

அந்தப் படத்தை அவர் அதுவரை பார்த்ததில்லை. பார்க்க விருப்பமும் இருந்ததில்லை. நம் வீட்டுச் செத்தவர்களைப் பார்க்க நாம் போய்ச் சீட்டு எழுதிக் கொடுத்துக் காத்திருப்பதா என்பது அவர் கட்சி.

நூலகத்தில் ஆவணங்களைப் பார்த்துக்கொள்கிறவள் இங்கிரிட் என்ற நடுவயதுப் பெண். நரைத்த பின்னல், முழங்கை தேய்ந்த ஸ்வெட்டர். கோட்டையும் பைகளையும் வெளியே பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும், உள்ளே பேனா கூடாது, பென்சில்தான் என்றாள். ஹாரியட்டின் பையிலிருந்து புகைபோட்ட சால்மன் மீனின் வாசனை வந்துகொண்டிருந்தது.

"சாப்பாட்டை உள்ள கொண்டுபோக முடியாதும்மா. மன்னிச்சுக்குங்க."

"எனக்கில்ல. அவளுக்கு," என்று ஹாரியட் உள்ளறைப் பக்கம் மோவாயைக் காட்டினாள். "நூறு வருஷமா பட்டினி. ஒரு துண்டு நெருப்புல போட்டுப் பேரைச் சொன்னா போய்ச் சேர்ந்துடும்."

இங்கிரிட்டின் முகம் வெளிறியது. "நெருப்பா?"

"கேலி பண்றா. இவளுக்கு அதுதான் தொழில். பையை வை ஹாரியட்," என்றார் அம்ப்ரோஸ்.

"கேலி பண்ணலை," என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் பையை வைத்தாள். கோட்டைக் கழற்ற மட்டும் அம்ப்ரோஸ் மறுத்துவிட்டார். இங்கிரிட் அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அந்த விதியை அன்றைக்கு மறந்துபோனாள்.

படம் ஒரு சாம்பல் நிற அட்டைப் பெட்டியில் வந்தது. இங்கிரிட் மெல்லிய தாளை விலக்கி மேஜைமேல் வைத்ததும் ஹாரியட் எழுந்து நின்றாள். "வந்துட்டோம் பாட்டி. வழியெல்லாம் மழை. எதிர்ப்பக்கத்து ஆளையும் கூட்டிக்கிட்டு வந்திருக்கேன், பாரு" என்றாள், பக்கத்து வீட்டுக்குள் நுழைகிறவள் போல. இரண்டு கன்னத்திலும் கண்ணீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

அம்ப்ரோஸ் தொப்பியை எடுத்துவிட்டுக் குனிந்தார்.

குனிந்தவர் நிமிர நேரமாயிற்று.

ஒரு பெண் வாசல் பலகையில் உட்கார்ந்திருந்தாள். தலைமுடி காதுக்கு மேலே கன்னாபின்னாவென்று வெட்டப்பட்டிருந்தது. முகம் முழுக்கக் கரி. மேலே கிழிந்த ஒரு பழைய போர்வை. கேமராவைப் பார்க்கவில்லை, எங்கேயும் பார்க்கவில்லை. ஆனால் முதுகு நேராக இருந்தது. அவளுக்குப் பின்னால் கதவுத் தூணில் செதுக்கியிருந்த கரடியின் பாதத்தை அம்ப்ரோஸுக்கு யாரும் காட்டித்தர வேண்டியதில்லை. சின்ன வயதில் அந்த நகங்களுக்கு நடுவே விரலை விட்டு விளையாடியவர் அவர். அது அவர் வீடு.

முடியை அறுத்து, முகத்தில் கரி பூசி உட்காருகிறவள் எங்களில் அடிமை அல்ல. புருஷன் செத்தவள். கரடிக்கால் வீட்டு வாசலில் அப்படி உட்கார்ந்த வெள்ளலை வீட்டு மூத்த பெண் ஒருத்திதான் உண்டு.

சைமன் மாமா, அவருடைய தாய்மாமன், ஒரே ஒரு தடவை இதைச் சொல்லியிருக்கிறார். ஹாலிபட் மீனுக்குத் தூண்டிலைப் போட்டுவிட்டுப் படகில் சும்மா இருந்த ஒரு மத்தியானம். அந்தக் காலத்துத் தலைவர் செத்தபோது கரடிக்கால் வீட்டார் வழக்கப்படி நினைவு விருந்து வைக்க வேண்டும். எதிர்ப்பக்கத்தை அழைத்து, சோறு போட்டு, போர்வைகள் கொடுத்து, விதவையைக் குளிப்பாட்டிப் புதுப் போர்வை போர்த்தி, 'உன் துக்கம் முடிந்தது' என்று சொல்ல வேண்டும். அதுவரை அவள் முடி வளர்க்கக்கூடாது, வேறு வீடு போகக்கூடாது, அந்நியரிடம் பேசக்கூடாது. போர்வைகள் எல்லாம் சேர்த்து அடுக்கியாகிவிட்டது. அப்போது மிஷன் பாதிரி வந்து, விருந்து வைக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இடமில்லை, வைக்காத வீட்டு ஆளுக்கு ஊர்க் காவல் உத்தியோகம் என்றார். மற்ற வீடுகள் 'கிறிஸ்துமஸ் விருந்து' என்று பெயர் மாற்றித் தங்கள் விருந்தை நடத்திக்கொண்டன. கரடிக்கால் வீடு மட்டும் ஊர்க் காவலனின் பித்தளைப் பொத்தான் வைத்த சட்டையை வாங்கிக்கொண்டது. போர்வைகள் மிஷன் ஏலத்துக்குப் போயின. அவள் உட்கார்ந்தவள் உட்கார்ந்தபடியே இருந்தாள். சாகிற வரைக்கும் முடி வளர்க்கவில்லை. 'வெளிய சொல்லாதே' என்று முடித்துவிட்டு, சைமன் மாமா தூண்டிலை இழுக்கத் தொடங்கிவிட்டார்.

"ஏதாவது தெரியுதா சார்?" என்று இங்கிரிட் மெதுவாகக் கேட்டாள். பென்சிலும் ஒரு வெள்ளை அட்டையும் தயாராக இருந்தன. "நீங்க சொல்றதை அப்படியே எழுதிக்குவேன். யார் சொன்னது, எந்த வீடுன்னும் போடணும். எப்பவும் இந்தப் படத்தோடவே இருக்கும்."

எப்பவும். அம்ப்ரோஸ் ஊன்றுகோலை இறுகப் பிடித்தார். கல்யாணத்திலும் சாவிலும் முதல் வரிசையில் உட்கார்ந்த வீடு. சபையில் அந்த வீட்டைப் பார்த்து ஒரு குறை சொல்ல நா எழுந்ததில்லை. அதைத் தன் வாயாலேயே, தன் பெயர் போட்டு, உலகத்துக்கு எழுதிக் கொடுப்பதா?

"இவ வெள்ளலை வீட்டுப் பொண்ணு," என்றார். "அடிமை இல்ல."

"எப்படித் தெரியும்னு கேட்பாங்க. குறிப்பை மாத்தணும்னா ஒரு காரணம் வேணும்."

"நான் சொல்றேன்ல?"

"நீங்க சொல்றதை நம்பறேன் சார். ஆனா எங்க மேலதிகாரிக்கு…"

"உங்க மேலதிகாரி எந்தப் பக்கம்?"

இங்கிரிட்டுக்கு விளங்கவில்லை. ஹாரியட் மூக்கைச் சிந்திக்கொண்டு குறுக்கே வந்தாள். "அந்தப் பூதக்கண்ணாடியைக் குடும்மா. இங்க பாரு, கீழுதட்டுக்குக் கீழ. தெரியுதா, சின்னதா ஒரு துளை? பொண்ணு பெரியவளானதும் அங்க குத்தி, நகையா ஒரு ஊசியைச் சொருகி வைப்பாங்க. பெரிய வீட்டுப் பொண்ணுங்களுக்கு மட்டுந்தான். அடிமைக்கு உதட்டைக் குத்த மாட்டாங்க. போதுமா?"

இங்கிரிட் கண்ணாடிக்குள் வெகு நேரம் பார்த்தாள். "அட, ஆமா! இருக்கு." அவள் முகம் மலர்ந்துவிட்டது. "இது போதும். 'உயர்குடிப் பெண், வெள்ளலை வீடு'ன்னு மாத்திடலாம்."

முடிந்துவிட்டது. அம்ப்ரோஸ் மூச்சை விட்டார். வந்த வேலை ஆயிற்று. தன் வீட்டுப் பேச்சு எழவே இல்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

"ஒண்ணே ஒண்ணு," என்றாள் இங்கிரிட், எழுதிக்கொண்டே. "பெரிய வீட்டுப் பொண்ணு ஏன் இந்தக் கோலத்துல இருக்காங்க?"

குழாய் வெந்நீரில் அறையைச் சூடாக்கும் இரும்புப் பட்டைகள் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டன.

அம்ப்ரோஸ் ஹாரியட்டைப் பார்த்தார். ஊரில் ஒருவரையும் பேசவிடாத ஹாரியட், எதற்கும் ஒரு சொல் வைத்திருக்கிற ஹாரியட், ஜன்னல் பக்கம் திரும்பி, நிறுத்துமிடத்தில் நனைந்துகொண்டிருந்த கார்களை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இவளுக்குத் தெரியும். இன்று நேற்றல்ல, எப்போதிருந்தோ தெரியும். இவளுக்கும், இவள் அம்மாவுக்கும், கொர்டீலியாவுக்கும். ஐம்பது வருஷம் அவரோடு ஒரே மேஜையில் சாப்பிட்டாளே, கொர்டீலியாவுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? எதிர்ப்பக்கத்தார் தர வேண்டிய விருந்தை, கிடைக்க வேண்டியவர்கள் கேட்டு வாங்கக்கூடாது. கேட்டால் அது எதிர்ப்பக்கத்தை முகத்தில் அறைந்ததாகும். ஆகவே நூறு வருஷமாக ஒரு வீடு முழுக்க வாயை மூடிக்கொண்டு, கரடிக்கால் வீட்டாருக்குப் பெண் கொடுத்து, இவர்கள் செத்தால் குழி வெட்டி, முதல் வரிசையில் இவர்களை உட்கார வைத்து மரியாதை செய்திருக்கிறது. நூலகத்துக்குத் தானே ஒரு வரி எழுதிப் போட்டு இந்தக் கதையை அவள் முடித்திருக்கலாம். 'புருஷன் வீட்டார் கைவிட்ட விதவை' என்று. செய்யவில்லை. இப்போதுகூட உதட்டுத் துளையைக் காட்டி அவருக்கு ஒரு வாசலைத் திறந்து வைத்துவிட்டு, அவர் அதன் வழியே நழுவிப்போவதைப் பார்க்கக்கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறாள்.

அவர் வீட்டு மானம் இத்தனை நாள் நின்றது அவர் முதுகின் பலத்தில் அல்ல.

அம்ப்ரோஸ் எழுந்தார். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். சபையில் பேசும்போது நிற்பது போல ஊன்றுகோலை முன்னால் ஊன்றி நின்றார்.

"எழுதிக்கம்மா. இவ என் பொண்டாட்டி."

இங்கிரிட்டின் பென்சில் நின்றுவிட்டது. படத்தின் தேதியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"கரடிக்கால் வீட்டுத் தலைவனுக்கு ஒரே பேர்தான். மாமன் செத்தா மருமகன் அந்தப் பேரை எடுத்துக்குவான். பேரோட வீடும், கடனும், பொண்டாட்டியும் அவனுக்கு வரும். இவ புருஷனோட பேரைத்தான் இன்னைக்கு நான் சுமந்துக்கிட்டு இருக்கேன். அதனால அவ துக்கம் காக்கறது எனக்காக. செத்தது நான்."

"அதான் உன் முகம் அப்படி இருக்கா மச்சான்?" என்றாள் ஹாரியட், ஜன்னலைப் பார்த்தபடியே.

"குறுக்க பேசாத கொழுந்தியா." அம்ப்ரோஸ் தொடர்ந்தார். "முடி வெட்டினது, கரி பூசினது, புருஷன் செத்ததுக்கு. அந்த வெள்ளைக்காரன் பேரைக் கேட்டிருப்பான். துக்கத்துல இருக்கறவ அந்நியன்கிட்ட பேச மாட்டா. பேசாததால பேரில்லைன்னு எழுதிட்டான். இதை எழுதியாச்சா? அடுத்தது. இந்தத் துக்கத்தை முடிச்சு வைக்க வேண்டியது புருஷன் வீடு. விருந்து வச்சு, புதுப் போர்வை போர்த்தி. கரடிக்கால் வீடு அதைச் செய்யல. பாதிரி தடுத்தாருன்னு சொல்லுவோம். தடுத்தாரு, வாஸ்தவம். ஆனா மத்த வீடெல்லாம் அந்தத் தடையையும் மீறிச் செஞ்சாங்க. நாங்க செய்யல. சொன்னது அம்ப்ரோஸ், அந்த வீட்டுத் தலைவன். என் பேரைப் பெரிசா எழுது."

இங்கிரிட் எழுதி முடிக்கும் வரை அவர் உட்காரவில்லை. எழுதியதை அவள் படித்துக் காட்டினாள். ஒரு இடத்தில் 'விருந்து வைக்க இயலவில்லை' என்று அவள் மென்மையாக்கியிருந்ததைப் பிடித்து, 'வைக்கவில்லை' என்று திருத்தச் சொன்னார்.

"பேர்?" என்று அவள் கேட்டதற்கு, "அது எங்களுக்குச் சொந்தம் இல்ல. இந்தா, இவளைக் கேளு" என்றார். ஹாரியட் அந்தப் பெயரைச் சொன்னாள். மூன்று தடவை சொல்லி, இங்கிரிட்டின் நாக்கு வளைகிற வரைக்கும் விடவில்லை. வெள்ளலை வீட்டாரைக் கேட்காமல் அதை இங்கே எழுதுவது முறையல்ல.

"கீழ கொஞ்சம் இடம் விட்டு வை," என்றார் அம்ப்ரோஸ். "இன்னொரு வரி வரும். இலையுதிர் காலத்துல, மீனெல்லாம் புகை போட்டு முடிஞ்சதும், விருந்து வைக்கிறோம்."

ஹாரியட் இப்போது திரும்பினாள். கண்ணும் மூக்கும் சிவந்து வீங்கியிருந்தன. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்ல முடியவில்லை.

"மச்சான், நூறு வருஷமா பொண்டாட்டியைத் திண்டாட விட்டுட்டு, இப்ப வந்து மீனும் சோறும் போட்டுச் சரிக்கட்டிடலாம்னு பாக்கறியா? எங்க பக்கம் மொத்தமும் வருவோம். ரெண்டு நாள் சாப்பிடுவோம். ஹெர்ரிங் மீன் முட்டை வேணும், மானிறைச்சி வேணும், அவுரிநெல்லிப் பழம் வேணும். பிஸ்கட்டைப் போட்டு ஏமாத்தக்கூடாது."

"உங்க பக்கம் சாப்பிடறது ஊருக்கே தெரியும். காக்கைதானே."

"போர்வை?"

"வாங்குவேன்."

"நீ வாங்கினா சாக்குத்துணி மாதிரி வாங்குவ. கொர்டீலியாவுக்கு வாங்கிட்டு வந்தியே, அந்தப் பச்சை! உன் தங்கச்சி பொண்ணுங்களை அனுப்பு. நான் கூடப் போறேன்."

"எதிர்ப்பக்கம் தனக்குத் தர்றதைத் தானே பொறுக்கறதா? எந்த ஊர் வழக்கம்?"

"சரி சரி. நீயே வாங்கு. நல்லதா வாங்கு."

அம்ப்ரோஸ் இங்கிரிட் பக்கம் திரும்பினார். "விருந்துக்கு அவ வரணும். போர்வையை யாருக்குப் போர்த்தறது? எப்ப அனுப்பி வைப்பீங்க?"

"சார், அசல் படம் இந்தக் கட்டடத்தை விட்டு வெளிய போகாது. நல்ல நகல் ஒண்ணு எடுத்துத் தரேன். பெரிசா, கண்ணாடி போட்டு."

"நகலா?" ஹாரியட் இடுப்பில் கை வைத்தாள். "உன் கல்யாணத்துக்கு உன் நகலையா அனுப்பி வச்ச?"

இங்கிரிட் சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு படத்தைப் பார்த்தாள். கரி பூசிய அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "மேலதிகாரியைக் கேட்கணும். சம்மதிச்சாலும் தனியா அனுப்ப விட மாட்டாங்க. பெட்டியைத் தூக்கிக்கிட்டு, பக்கத்துலயே உக்காந்து, திரும்பக் கொண்டுவர ஒரு ஆள் கூட வரணும். அநேகமா அது நானாத்தான் இருப்பேன்."

அம்ப்ரோஸ் அவளை முதல்முறையாக முழுசாகப் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ ஒன்று தளர்ந்தது. முதுகு மட்டும் அப்படியே இருந்தது.

"அதான் முறை," என்றார். "வெள்ளலை வீட்டு மூத்த பொண்ணு துணைக்கு ஆள் இல்லாம எங்கயும் போனதில்ல."